தட்டினால் திறக்கும் நீல எழுத்து: அந்த நீலத்தைப் பூசுவது யார்?

குமாரபாளையத்தில் நூல் வியாபாரப் பேச்சு இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். கவுண்ட் என்ன, பை என்ன விலை, லோடு எப்போது கிளம்பும், இ-வே பில் போட்டாச்சுங்களா என எல்லாமே ஒற்றை வரி மெசேஜ். அந்த அவசரத்தில் முற்றுப்புள்ளிக்குப் பிறகு இடம் விட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

‘40ஸ் காட்டன்.இன் ஸ்டாக்’ என்று ஒருவர் ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதாம் நம்பர் காட்டன் இருப்பில் உள்ளது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. போன் அதை வேறு மாதிரி படிக்கும். ‘டாட் இன்’ என்பது இந்தியாவுக்கான டொமைன். எனவே ‘காட்டன் டாட் இன்’ ஓர் இணைய முகவரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதுவாகவே முடிவு செய்து, அந்தத் துண்டை மட்டும் நீலமாக்கி, தட்டினால் திறக்கும்படி மாற்றிவிடும். அனுப்பியவர் லிங்க் எதையும் அனுப்பவில்லை. ஆனால் வாங்கியவர் போனில் லிங்க் இருக்கிறது. அது யாருடைய தளத்துக்குப் போகும் என்பது இருவருக்குமே தெரியாது.

இன் மட்டுமல்ல. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சின்னச் சின்ன சொற்கள் பலவும் ஏதோ ஒரு நாட்டின் டொமைன். இட் என்றால் இத்தாலி, இஸ் என்றால் ஐஸ்லாந்து, நோ என்றால் நார்வே, டு என்றால் டோங்கா, ஸோ என்றால் சோமாலியா. இடம் விடாமல் புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்தை இந்தச் சொற்களில் தொடங்கினால் போதும், லிங்க் முளைத்துவிடும்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழைதான். ஆனால் ஒரு விஷயத்தை இது காட்டிக் கொடுக்கிறது. வெறும் எழுத்தாகக் கிடக்கும் முகவரியை லிங்க்காக மாற்றுவது அனுப்புபவரும் அல்ல, படிப்பவரும் அல்ல; நடுவில் இருக்கும் ஒரு புரோகிராம். ‘தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்’ என்று மக்களுக்கு நாள்தோறும் அறிவுரை சொல்கிறோம். அதை லிங்க் ஆக்கிக் கொடுத்த புரோகிராமை எழுதியவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்தக் கேள்வி குமாரபாளையத்துக்கு அந்நியமானதும் அல்ல. ஊரைச் சுற்றிப் பொறியியல், கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. லுங்கிக்கடைக்கும் துண்டு வியாபாரிக்கும் வெப்சைட் போட்டுக் கொடுக்கிற பிள்ளைகளும் இங்கேயேதான் இருக்கிறார்கள்.

2010: மவுஸ் பட்டதும் பற்றிக்கொண்டது

இந்த வேலையை அரைகுறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010 செப்டம்பர் 21-ஐவிடத் தெளிவான சாட்சி இல்லை. அன்று ட்விட்டர் தளத்தைத் திறந்தவர்கள் பலரது திரையில் ராட்சத எழுத்துகளும் வண்ணப் பட்டைகளும் தோன்றின. யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை. ஒரு ட்வீட்டின் மேல் மவுஸ் பட்டாலே போதும். அந்த ட்வீட் அவர்கள் கணக்கிலிருந்தே மறுபடி பகிரப்பட்டது. முன்னாள் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுனின் மனைவி சாரா பிரவுனின் பக்கத்துக்குப் போனவர்கள் ஜப்பானிய ஆபாசத் தளம் ஒன்றுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அப்போது வெள்ளை மாளிகையின் செய்திச் செயலராக இருந்த ராபர்ட் கிப்ஸின் கணக்கும் சிக்கியது.

பிழை எங்கே இருந்தது? முகவரியை லிங்க்காக மாற்றும் அந்தச் சிறு புரோகிராமில்.

வெப் பக்கத்தை உருவாக்கும் ஹெச்டிஎம்எல் மொழியில் ஒரு லிங்க் எப்படி எழுதப்படும் என்று தெரிந்தால் இது எளிதில் புரியும். போக வேண்டிய முகவரியை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வைப்பார்கள். தொடக்கக் குறி கதவைத் திறக்கிறது, முடிவுக் குறி மூடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது மட்டும்தான் முகவரி. அன்று விஷமிகள் செய்தது இதுதான்: முகவரி போலத் தொடங்கி, ஒரு @ குறியைப் போட்டு, அதன் பின் ஒரு மேற்கோள் குறியை வைத்து, அதற்கும் பின்னால் ‘மவுஸ் மேலே வந்தால் இதைச் செய்’ என்ற கட்டளையை எழுதினார்கள். ட்விட்டரின் புரோகிராம் அந்த முழு வரியையும் ஒரே முகவரி என நம்பி, அப்படியே எடுத்து மேற்கோளுக்குள் வைத்தது. உள்ளே இருந்த மேற்கோள் குறி கதவை முன்கூட்டியே மூடிவிட்டது. மீதி இருந்தது முகவரி அல்ல, பிரவுசருக்கான கட்டளை.

சில மணி நேரத்தில் ட்விட்டர் இதைச் சரிசெய்தது. பிறகு வெளியான விளக்கம்தான் கவனிக்க வேண்டியது. இதே ஓட்டையை அவர்கள் முந்தைய மாதமே கண்டுபிடித்து அடைத்திருந்தார்கள். அதற்குப் பின் வந்த ஓர் அப்டேட்டில் அது தெரியாமல் மீண்டும் திறந்துகொண்டது. அத்தனை பெரிய நிறுவனத்திலேயே அடைத்த ஓட்டை திரும்ப வந்தது என்றால், செமஸ்டர் விடுமுறையில் முடித்துக் கொடுத்த வெப்சைட்டில் வராது என்று யாரால் சொல்ல முடியும்?

வரிசை மாறினால் வம்பு

சரி, பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

மேற்கோள் குறி, ‘சிறியது’ ‘பெரியது’ குறிகள், & குறி ஆகியவை பிரவுசருக்கு வெறும் எழுத்தல்ல, கட்டளையின் பாகங்கள். அவற்றைப் பல் பிடுங்கிய பாம்பாக மாற்றி, திரையில் தெரியும்படியும் ஆனால் கட்டளையாகச் செயல்படாதபடியும் எழுதுவதற்கு ‘எஸ்கேப்’ செய்தல் என்று பெயர். இதைச் செய்ய வேண்டும் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். எப்போது செய்வது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் லிங்க் ஆக்கிவிட்டுப் பிறகு மொத்தத்தையும் எஸ்கேப் செய்தால், நாம் போட்ட லிங்க்கும் சேர்ந்து செத்து, ஹெச்டிஎம்எல் குறிகள் அப்படியே திரையில் கொட்டும். முதலில் எல்லாவற்றையும் எஸ்கேப் செய்துவிட்டுப் பிறகு முகவரியைத் தேடினால், மேற்கோளுக்குப் பதிலாக வந்த மாற்றுக் குறியீட்டையும் முகவரியின் வால் என்று எண்ணி விழுங்கிவிடும். இரண்டையும் பார்த்துச் சலித்துப்போய் எஸ்கேப்பையே விட்டுவிடுபவர்களும் உண்டு. அங்கேதான் 2010 திரும்ப வருகிறது.

சரியான வழி கொஞ்சம் பொறுமையைக் கேட்கும். வந்த மெசேஜை முதலில் துண்டு போட வேண்டும்: இது சாதாரண எழுத்து, இது முகவரி, இது மறுபடி எழுத்து என்று. பிறகு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எஸ்கேப் செய்து, முகவரித் துண்டை மட்டும் லிங்க்கின் உள்ளே வைக்க வேண்டும். இன்றைய பிரவுசர்களில் இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஹெச்டிஎம்எல்லை எழுத்துச் சரமாக ஒட்டிக் கோக்காமல், ‘ஒரு லிங்க் உருவாக்கு, அதற்குள் இந்த எழுத்தை வை’ என்று பிரவுசரிடமே சொல்லலாம். அப்போது உள்ளே வைப்பது எதுவாக இருந்தாலும் அதை எழுத்தாக மட்டும்தான் பிரவுசர் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, எதையெல்லாம் லிங்க் ஆக்கலாம்? முகவரியின் முன்னொட்டு ஹெச்டிடிபி அல்லது ஹெச்டிடிபிஎஸ் என்றால் மட்டும். ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற முன்னொட்டோடு தொடங்கும் முகவரியைத் தட்டினால் அது எந்தத் தளத்துக்கும் போகாது. நின்ற இடத்திலேயே கட்டளையை ஓட்டும். ‘அதை மட்டும் தடுத்துவிடுகிறேன்’ என்று கிளம்புவதும் வீண்தான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என மாற்றி எழுதலாம். நடுவில் ஒரு டேப்பைச் செருகலாம். பிரவுசர் அதையெல்லாம் துடைத்துவிட்டுப் படித்துக்கொள்ளும். அதனால் தடுக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் போடுவதைவிட, அனுமதிக்க வேண்டிய இரண்டை மட்டும் அனுமதித்துவிட்டு மற்றதை வெறும் எழுத்தாக விட்டுவிடுவது மேல்.

முகவரி எங்கே முடிகிறது என்பது பழைய தலைவலி. வாக்கியக் கடைசியில் வரும் முற்றுப்புள்ளி முகவரியைச் சேர்ந்ததா, வாக்கியத்தைச் சேர்ந்ததா? டிம் பெர்னர்ஸ்-லீயும் இன்னும் இருவரும் 1994 டிசம்பரில் இணைய முகவரிக்கு வகுத்த இலக்கண ஆவணத்திலேயே இதற்கு ஒரு யோசனை இருந்தது. சாதாரண எழுத்தில் முகவரியைக் குறிப்பிடும்போது ‘சிறியது’ ‘பெரியது’ குறிகளுக்குள் அடைத்து எழுதுங்கள் என்றார்கள். 2005-ல் வந்த திருத்தப்பட்ட ஆவணமும் அதையே சொன்னது. உலகம் கேட்கவில்லை. குமாரபாளையமும்தான்.

இதையெல்லாம் தானே எழுதாமல் ரெடிமேட் லைப்ரரியைப் பயன்படுத்துவது நல்லது. ஆனால் அதையும் கண்காணிக்க வேண்டும். பைத்தானில் இதே வேலைக்கு மொசில்லாவிலிருந்து வந்து பலரும் நம்பியிருந்த ‘ப்ளீச்’ லைப்ரரி, 2023 ஜனவரியில் ‘டெப்ரிகேட்டட்’ என அறிவிக்கப்பட்டது. யூடியூபில் இன்னமும் அதை வைத்துப் பாடம் எடுக்கும் வீடியோக்கள் கிடக்கின்றன.

காட்டுவது ஒன்று, போவது ஒன்று

எஸ்கேப் எல்லாம் ஒழுங்காக இருந்தும் ஏமாற்ற முடியும். 2024 ஏப்ரலில் எக்ஸ் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. பழைய பெயரை மறக்கடிக்கும் ஆர்வத்தில், பதிவுகளில் ‘ட்விட்டர் டாட் காம்’ என்று எங்கே வந்தாலும் அதை ‘எக்ஸ் டாட் காம்’ என்று காட்டும்படி ஐபோன் செயலியை மாற்றியது. மாறியது கண்ணுக்குத் தெரியும் எழுத்து மட்டும். லிங்க் போகும் இடம் மாறவில்லை.

இப்போது ‘நெட்ஃப்ளி-ட்விட்டர் டாட் காம்’ என்று நடுக்கோடு இல்லாமல் சேர்த்து ஒருவர் பதிவிடுகிறார் என்று பாருங்கள். வாலில் உள்ள ட்விட்டர் எக்ஸ் ஆகிவிடும். திரையில் தெரிவது நெட்ஃப்ளிக்ஸ் டாட் காம். தட்டினால் போவது முற்றிலும் வேறு ஆளின் தளம். கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸின் பெயரையும் இதே முறையில் வரவழைக்க முடிந்தது. இரண்டே நாளில் இப்படி முடியும் டொமைன்கள் குறைந்தது 60 பதிவு செய்யப்பட்டதாகப் பாதுகாப்புத் துறைப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் எழுதினார். நல்லவேளை, அவற்றில் பெரும்பாலானவை மோசடிக்காரர் கைக்குப் போய்விடக் கூடாதே என்று பொதுமக்களே வாங்கி வைத்தவை. எக்ஸ் அவசரமாகத் திருத்திக்கொண்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், கூகுள் ‘டாட் ஜிப்’ என்ற டொமைனை விற்பனைக்குத் திறந்துவிட்டது. ஜிப் என்பது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் கோப்பு வகையின் பெயர் என்பது ஆபீஸில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ‘போட்டோஸ் டாட் ஜிப் அனுப்பியிருக்கேன், பாருங்க’ என்று எழுதினால் அந்தக் கோப்புப் பெயரே இணைய முகவரியாக மாறக்கூடிய நிலை வந்தது. பார்க்கப்போனால், வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும் முடிவு அது.

தமிழ் வால் பிரச்சினை

ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. நம் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்பவை. டாட் காம்ல போங்க, டாட் இன்னுக்குப் போய் கட்டுங்க, டாட் ஆர்க்கைப் பாருங்க என்றுதான் பேசுகிறோம். அப்படியேதான் தட்டவும் செய்கிறோம். ஆங்கில முகவரியின் முதுகில் இடைவெளியே இல்லாமல் ஒரு தமிழ் எழுத்து ஏறி உட்கார்ந்திருக்கும்.

இடைவெளி வரும்வரை எல்லாமே முகவரி என்று எழுதப்பட்ட புரோகிராம், அந்த உருபையும் சேர்த்து லிங்க் ஆக்கும். தட்டினால் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று வரும். அப்படியானால் ஆங்கில எழுத்தைத் தவிர எதையும் ஏற்காதே என்று சொல்லிவிடலாமா? அதுவும் சரிவராது. தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியில் கட்டுரைத் தலைப்பு தமிழிலேயே இருக்கும். அதை வெட்டிவிட்டால் லிங்க் முகப்புப் பக்கத்தோடு நின்றுவிடும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகியவை தமிழ் எழுத்திலேயே அங்கீகரிக்கப்பட்ட டொமைன்கள். அவை எல்லாம் ஒரேயடியாக விடுபட்டுப் போகும்.

இன்னொரு நுணுக்கம். யூனிகோடில் ‘எழுத்து’ என்ற வகையை மட்டும் ஏற்கும்படி எழுதினாலும் தமிழ் உடையும். காரணம், புள்ளியும் கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் அங்கே எழுத்தாகக் கணக்கில் வராது, தனி வகை. ‘குமாரபாளையம்’ என்று தேடினால் முதல் க-வோடு நின்றுவிடும் புரோகிராம், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவருக்குச் சரியாகத்தான் தெரியும்.

நடைமுறையில் ஒரு சமரசம் உண்டு. டொமைன் பகுதியில் ஒரே எழுத்துமுறைதான் இருக்கலாம். டாட் காம் முடிந்ததும் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தால் அதை உருபாகக் கருதி வெளியே விட்டுவிடலாம். சாய்கோட்டுக்குப் பின் வரும் பகுதியில் தமிழை அனுமதிக்கலாம். இது நூறு சதவீதம் சரியாக இருக்காது. ஆனால் இடைவெளிவரை விழுங்குவதைவிட எவ்வளவோ மேல்.

தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் ஒரு நீளமான சதவீதக் குறிக் குப்பை வருவதையும் பலர் பார்த்திருப்பார்கள். யூனிகோட் கணக்கில் ‘குமாரபாளையம்’ 12 குறியீடுகள். ஒவ்வொன்றும் முகவரியில் 9 எழுத்துகளாக விரியும். ஆக, ஊர்ப் பெயர் ஒன்றுக்கே 108 எழுத்துகள். இவ்வளவு நீளத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். குறுக்கி லிங்க் சேவைகளுக்குப் போவார்கள். குறுக்கிய லிங்க்கைப் பார்த்து அது எங்கே போகும் என்று கண்டுபிடிக்க முடியாது. தமிழை ஒழுங்காகக் கையாளாத புரோகிராம் கடைசியில் பாதுகாப்பையும் கெடுப்பது இப்படித்தான்.

உருவ ஒற்றுமையும் ஓர் ஆபத்து. 2017 ஏப்ரலில் ஷூடாங் ஜெங் என்ற ஆய்வாளர், ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்துகளைக் கொண்டே ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போன்ற ஒன்றைப் பதிவு செய்து காட்டினார். குரோம் பிரவுசரில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே தெரிந்தன. தமிழில் க-வுக்கும் தமிழ் எண் ஒன்றான ௧-க்கும், உ-வுக்கும் ௨-க்கும் இதே உறவுதான்.

கரன்ட் போய்விடுமோ என்ற பயம்

2022-ல் ‘உங்கள் மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்ற போலிக் குறுஞ்செய்தி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. காவல்துறையும் மின்வாரியமும் எச்சரிக்க வேண்டிவந்தது. தறி ஓடுகிற ஊரில் அந்த வாக்கியத்தின் கனம் வேறு. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவசம் என்றாலும், மீதிக்குக் கட்ட வேண்டிய பில் இருக்கிறது. கரன்ட் இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மெசேஜில் இருந்த போன் நம்பரும் நீல நிறத்தில், தட்டினால் அழைக்கும்படி தயாராக இருந்தது. அதையும் அப்படி மாற்றிக் கொடுத்தது போன்தான்.

அரசுத் தரப்பில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் முன்கூட்டியே பதிவு செய்யப்படாத லிங்க் இருந்தால் அதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுக்க வேண்டும் என்ற டிராயின் உத்தரவு 2024 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. வங்கிகள் எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி மெசேஜைப் பார்க்கிறவர் முதல் ஒற்றைச் சாய்கோடுவரை படித்து, அதற்கு முன்னால் ‘பேங்க் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்தால் போதும். நடுவில் எங்கேயோ அந்தச் சொல் இருந்தால் கணக்கில் சேராது. பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும்.

ஆனால் இவை எஸ்எம்எஸ்ஸுக்கும் வங்கிக்கும்தான். வாட்ஸ்அப்புக்கோ, ஊரில் போட்டுக் கொடுக்கும் வெப்சைட்டுக்கோ அந்த எஸ்எம்எஸ் வடிகட்டி கிடையாது. ஆப்பிளின் ஐமெசேஜ் ஒரு வழி காட்டியிருக்கிறது: தெரியாத எண்ணிலிருந்து வரும் லிங்க்கை அது தட்ட முடியாதபடி வைத்திருக்கும். மோசடிக்காரர்கள் உடனே ‘ஒய் என்று பதில் அனுப்புங்கள்’ என்று எழுதத் தொடங்கினார்கள், பதில் போட்டால் லிங்க் உயிர் பெறும் என்பதால். அப்படிக் கெஞ்ச வைத்ததே ஒரு தடைதான்.

கடைக்கு வெப்சைட் போடும் முன்

துணிக்கடை வெப்சைட்டில் ‘விசாரணைக்கு’ என்று ஒரு பெட்டி இருக்கும். யார் வேண்டுமானாலும் அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அதைத் திறந்து படிப்பவர் கடை முதலாளி. படிக்கும்போது அவர் அட்மினாக லாகின் ஆகியிருப்பார். மொத்த ஆர்டர்களும் வாடிக்கையாளர் போன் நம்பர்களும் அந்தப் பக்கத்துக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அந்தப் பெட்டியில் வந்த முகவரியை ஆசையாக லிங்க் ஆக்கிக் காட்டும் ஒரு வரி கோடில் ஓட்டை இருந்தால், முதலாளி எதையும் தட்டாமலேயே கணக்கு பறிபோகலாம். அறிமுகமில்லாதவர் அனுப்பியதை லிங்க் ஆக்கவே வேண்டியதில்லை. முதலாளிக்கு அவசியமென்றால் நகலெடுத்து ஒட்டிக்கொள்வார். அதில் போவது பத்து வினாடி.

ஆக்கித்தான் தீர வேண்டும் என்றால், ஒப்படைக்கும் முன் அந்தப் பெட்டியில் சில வரிகளைத் தட்டிப் பார்க்கலாம். முகவரிக்கு நடுவே ஒரு மேற்கோள் குறி வைத்த வரி. ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்று தொடங்கும் வரி, அதையே நடுவில் டேப் போட்டு இன்னொரு முறை. அடைப்புக்குறிக்குள் வைத்து, பின்னால் முற்றுப்புள்ளி போட்ட முகவரி. வங்கிப் பெயருக்குப் பின் @ குறி போட்டு வேறு டொமைன் எழுதிய வரி. இதில் @ குறிக்குப் பின் இருப்பதுதான் உண்மையான இடம், அதுதான் திரையில் பளிச்சென்று தெரிய வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் குமாரபாளையம் பக்கம். டாட் காம்ல என்று உருபு ஒட்டிய ஒன்று. கடைசியாக, புள்ளிக்குப் பின் இடம் விடாத நூல் இருப்பு மெசேஜ்: அது லிங்க் ஆகாமல் கறுப்பு எழுத்தாகவே நின்றால் வேலை முடிந்தது, வெப்சைட்டை ஒப்படைக்கலாம்.